அடுப்படிப் பெட்டி ஜன்னல்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

என் அம்மா முப்பது ஆண்டுகள் பட்டப்பகலில் குழல் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அரிசியில் கல் பொறுக்கினார். அடுப்படியில் ஜன்னல் இல்லாமல் இல்லை. ஒன்றரை அடி அகலத்தில் ஒன்று இருந்தது. அதன் வழியே புகை போனதே தவிர வெளிச்சம் வரவில்லை. நான் அலுமினியப் பட்டறை தொடங்கியதும் செய்த முதல் வேலை அந்த ஜன்னலைப் பெயர்த்தெடுத்ததுதான். நான்கடி அகலத்துக்குச் சுவரைத் திறந்து, வெளியே ஒன்றேகால் அடி நீட்டி, முன்னும் இரு பக்கமும் மேலேயும் கண்ணாடி போட்டு, உள்ளே செடித்தட்டு வைத்த பெட்டி ஜன்னல் ஒன்றைப் பொருத்தினேன். கடைகளில் இதைத் தோட்ட ஜன்னல் என்று விற்கிறார்கள். பொருத்தியது தை மாதம். அன்று அம்மா விளக்கைப் போடவே இல்லை. சித்திரையில் துளசி கருகியது. பெட்டியின் மேல் பழைய புடவை ஒன்றைப் போட்டு அம்மா மூடிவிட்டார்.

அந்தப் புடவைதான் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது. பெட்டி ஜன்னல் குளிர்நாடுகளில் பிறந்தது. அங்கே வெயிலைப் பிடித்து வீட்டுக்குள் அடைக்க வேண்டும்; அதனால் கூரையும் கண்ணாடி. மதுரையில் நமக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். இந்த இரண்டையும் பிரிக்காமல் செய்த பெட்டிகள்தான் பெரும்பாலும் பழுதுக்கு வருகின்றன. "இதை எடுத்துவிட்டுப் பழையபடி சுவர் வைத்துவிடுங்கள்" என்று சொல்பவர்களிடம் நான் ஒரு வாரம் கேட்கிறேன். எடுக்க வேண்டிய பெட்டி மிகக் குறைவு.

உங்கள் வீட்டில் எந்தக் கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். கையில் ஒரு அளவு நாடா, ஒரு டார்ச், பழைய செய்தித்தாள், திசை காட்டும் கைப்பேசி இருந்தால் போதும்.

பதினோரு மணிக்கு மேல் அடுப்படியில் நிற்க முடியவில்லை

முதலில் திசையைப் பாருங்கள். பிறகு காலை எட்டு, நண்பகல் பன்னிரண்டு, மாலை நான்கு ஆகிய மூன்று நேரங்களில் எந்தக் கண்ணாடி வழியாக வெயில் நேரே உள்ளே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'கண்ணாடி போட்டதால் சூடு' என்று பொதுவாகச் சொன்னால் மருந்து கிடைக்காது. நான்கு கண்ணாடிகளில் ஒன்றோ இரண்டோதான் குற்றவாளி.

நண்பகலில் மேல் கண்ணாடி வழியாக விழுகிறது என்றால் காரணம் மதுரை இருக்கும் இடம். நாம் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 10 பாகை வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கே சாய்கிறது. கத்திரி வெயில் காயும் மே மாதம் முழுவதும் கண்ணாடிக் கூரை அடுப்புக்கு மேல் இன்னோர் அடுப்பு. இதற்கு ஒரே நல்ல வழி கூரையை மறைப்பது. வீட்டின் சன்ஷேடு பெட்டியைத் தாண்டி நீண்டிருந்தால் அதுவே கூரை, கண்ணாடியை எடுத்துவிடலாம். நீளவில்லை என்றால் இரண்டு ஏசிபி தகடுகளுக்கு (இருபுறமும் அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக் உள்ள தகடு) நடுவே ஓர் அங்குலத் தெர்மகோல் வைத்துக் கூரை போடுங்கள். வெளிச்சம் குறைந்துவிடுமே என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். முன்னும் பக்கங்களிலும் கண்ணாடி இருக்கும்போது வேலைக்கு வேண்டிய வெளிச்சத்துக்குக் குறைவே வராது. அம்மாவின் பெட்டியில் நான் செய்ததும் இதுதான், புடவை இறங்கிவிட்டது.

உள்ளே திரை போடுவது பெரிதாகப் பயன் தராது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பம் வந்ததுதான். மறைப்பு எப்போதும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டுவதையும் நான் முதலில் சொல்வதில்லை. அது வெப்பத்தைத் தானே வாங்கிக் கண்ணாடியைச் சூடேற்றும். பதப்படுத்தாத சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் விளிம்பிலிருந்து விரிசல் விடக்கூடும்.

காலையில் கிழக்குக் கண்ணாடி வழியாக விழுகிறதா? அக்கினி மூலையில் அடுப்படி வைத்து, கிழக்கு பார்த்துச் சமைக்கும் நம் வீடுகளில் இதுதான் வழக்கமான நிலை. பத்து மணிக்குள் தணிந்துவிடும் வெயில் இது. செடிகளுக்கும் இதுதான் உகந்தது. சித்திரை, வைகாசியில் மட்டும் வெளியே மூங்கில் தட்டி கட்டி, பத்து மணிக்குச் சுருட்டிவிடுங்கள்.

தெற்குக் கண்ணாடியைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 57 பாகை உயரத்தில் நிற்கிறது. சுவரோடு ஒட்டிய சாதாரண ஜன்னலுக்கு, இரண்டடி சன்ஷேடு மூன்றடி உயரம் நிழல் தரும். பெட்டியோ ஒன்றேகால் அடி வெளியே வந்துவிட்டது. அதன் முன்கண்ணாடிக்கு மேலே எஞ்சியிருப்பது முக்கால் அடி சன்ஷேடுதான்; நிழல் ஓரடி சொச்சம்தான் இறங்கும். ஆனால் அது மார்கழி. அந்த வெயில் இதமானது, குளிரில் வாடிய செடிக்கும் நல்லது. விட்டுவிடுங்கள். தெற்குப் பெட்டிக்கு வைத்தியம் வேண்டாம் என்பது என் முடிவு.

வடக்குப் பெட்டிக்கு வெயிலே வராது என்பதும் சரியல்ல. மே, ஜூனில் காலை வெயில் வடகிழக்கிலிருந்தும் மாலை வெயில் வடமேற்கிலிருந்தும் வரும். பெட்டியின் மேற்குப் பக்கக் கண்ணாடியை மட்டும் மறைத்தால் போதும்.

மேற்குப் பெட்டிக்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. வாயு மூலையில் அடுப்படி வைத்தவர்கள் மேற்கே பெட்டி கேட்டால் நான் மறுத்துவிடுகிறேன். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் முன்கண்ணாடியின் மேல்பாதியை ஏசிபி தகடாக மாற்றி, கீழ்ப்பாதிக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு, வடக்கு, தெற்குப் பக்கங்களைத் திறக்கும் கண்ணாடியாக வையுங்கள்.

மழை பெய்தால் உள்ளே சொட்டுகிறது

விளாங்குடியில் ஓர் அக்கா, "தம்பி, நீங்கள் வைத்த ஜன்னல் அழுகிறது" என்று ஐப்பசியில் அழைத்தார். நான் போய்ப் பார்ப்பதற்குள் வேறு ஓர் ஆள் வந்து ஒரு குழாய் சிலிக்கானை எல்லா மூட்டிலும் அப்பிவிட்டுப் போயிருந்தார். மறுமழையில் சொட்டு நிற்கவில்லை, இடம் மாறியது. காரணம் தெரியாமல் அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடிக்கொள்ளும்.

காய்ந்த நாளில் சோதியுங்கள். உள்ளே செய்தித்தாளை விரித்து, ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். வெளியே ஒருவர் குழாயால் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலாகத்தான் விட வேண்டும். மேலே தொடங்கினால் எல்லா மூட்டும் ஒன்றாக நனைந்து எதுவும் தெரியாது. முதலில் அடித்தட்டும் சுவரும் சேரும் இடம், பத்து நிமிடம். பிறகு பக்கங்கள், பத்து நிமிடம். பிறகு கூரை சுவரோடு சேரும் கோடு. கடைசியாகச் சன்ஷேடின் மேல். தாளில் முதல் ஈரம் விழும்போது குழாய் எங்கே இருந்ததோ அதுதான் ஓட்டை.

அடித்தட்டில் நனைந்தால், தட்டு வெளிப்பக்கம் சரிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். மட்டமாகவோ உள்பக்கம் சாய்ந்தோ இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. பூச்சை உடைத்துச் சரிவு கொடுத்தே ஆக வேண்டும். நகரும் கதவுள்ள பெட்டியில் கீழ்த்தடத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். பூச்சு வேலையின்போது கொத்தனார் சிமெண்டால் அவற்றை அடைத்திருப்பார், அல்லது தூசி அடைத்திருக்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டாலே பல வீடுகளில் அழுகை நின்றுவிடுகிறது.

சுவரும் சட்டமும் சேரும் இடம் என்றால் பழைய சிலிக்கானை முழுவதும் சுரண்டி எடுங்கள். பழையதன் மேல் புதியது ஒட்டாது. காடி நெடி அடிக்கும் சிலிக்கான் கண்ணாடிக்கு நல்லது, சிமெண்டில் பிடிப்பு நீடிக்காது. கடையில் நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். சுவர் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். தூசியைத் துணியால் துடைக்காமல் தூரிகையால் தட்டி எடுங்கள். இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் முதலில் நுரைக்கயிறு திணித்து, அதன் மேல் சிலிக்கான்.

சன்ஷேடுக்குத் தண்ணீர் விடும்போதுதான் சொட்டுகிறது என்றால், ஓட்டை பெட்டியில் இல்லை. சன்ஷேடின் விளிம்பில் வழியும் நீர் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே சுவர் வரை ஓடி வரும். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, அடிப்பக்கத்தில், நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு இருந்தால் நீர் அங்கேயே சொட்டி விழுந்துவிடும். கோடு இல்லாத வீடுகளில் அலுமினிய எல் பட்டை ஒன்றை அந்த இடத்தில் திருகி ஒட்டிவிடுகிறேன். சின்னச் செலவு, எட்டு வருடமாகச் சொட்டாத வீடுகள் இருக்கின்றன.

வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்து வருவதால் கிழக்கும் வடக்கும் பார்த்த பெட்டிகளே அதிகம் நனையும். புரட்டாசிக்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

மழையே இல்லை, ஆனாலும் கண்ணாடி நனைந்திருக்கிறது

இட்லிக் குண்டானிலிருந்தும் சோறு வடிப்பதிலிருந்தும் எழும் ஆவி, மார்கழி, தைக் காலைகளில் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. துடைத்துவிட்டு அடுப்பை மூட்டாமல் ஒரு காலை விட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் அது கசிவு அல்ல. எக்ஸாஸ்ட் மின்விசிறியைச் சமையல் முடிந்த பிறகும் கால் மணி நேரம் ஓட விடுங்கள், பெட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியைத் திறந்து வையுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

கண்ணாடி வெளுத்துப் போய் வெளியே எதுவும் தெளிவாகத் தெரியவில்லை

விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் தாளிப்பு எண்ணெய்; வெந்நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பைக் கலந்து துடைத்தால் போய்விடும். சொரசொரவென்று இருந்தால் உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரைச் செடிகளுக்குத் தெளிக்கும்போது பட்ட துளிகள் காய்ந்து தங்கும் கறை அது. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ நனைத்த துணியைக் கால் மணி நேரம் ஒட்டி வைத்துப் பிறகு துடைக்க வேண்டும். ஸ்டீல் நார் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறல்களுக்கு மருந்து கிடையாது. இனிமேல் செடிக்குத் தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், இலையில் தெளிக்க வேண்டும் என்றால் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாலும் போகாத மங்கல் இருந்தால், கட்டும்போது சிமெண்ட் பால் தெறித்துக் கண்ணாடியை அரித்திருக்கும். அந்தக் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் பூச்சும் வெள்ளையடிப்பும் முடிந்த பிறகு கண்ணாடி போடச் சொல்லுங்கள். அலுமினியத்தின் மேல் ஒட்டிய தாளையும் அதுவரை பிரிக்க வேண்டாம், ஈரச் சிமெண்ட் அலுமினியத்தையும் தின்னும்.

செடி பிழைக்கவில்லை

தண்டு நீண்டு, இலை சிறுத்து, கண்ணாடியை நோக்கி வளைந்தால் வெளிச்சம் போதவில்லை. இலையின் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகக் கருகினால் அது சுட்ட கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நான்கு விரல்கடை உள்ளே நகர்த்துங்கள்.

இலை பிசுபிசுத்தால் எறும்பு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எறும்பு வந்தால் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது, அவை விடும் இனிப்பு நீரைத் தேடித்தான் எறும்பு ஏறுகிறது. இலையின் அடிப்பக்கத்தைச் சோப்பு நீரால் துடைத்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். எறும்பு இல்லாமல் தூசி மட்டும் ஒட்டியிருந்தால் அது தாளிப்பு எண்ணெய். செடி அடுப்புக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள்.

எதை வைப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மதுரைக்காரர்கள் முதலில் கேட்பது மல்லிகை. எனக்கும் அது ஆசைதான். ஆனால் மல்லிகைக்கு நாள் முழுதும் வெட்டவெளி வெயில் வேண்டும், பெட்டிக்குள் கொடி வளரும், பூ வராது. மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். கறிவேப்பிலை மரமாகிற சாதி, தட்டில் அடங்காது. கொத்தமல்லி கோடையில் இலை விடும் முன்பே பூத்துவிடும். ஐப்பசி முதல் மாசி வரை போடலாம். கோடைக்கு ஓமவல்லி இருக்கிறது, எதையும் தாங்கும். வெந்தயத்தைத் தூவினால் மூன்று, நான்கு வாரத்தில் கீரை கிள்ளலாம்.

நான் எல்லோருக்கும் சொல்வது வெற்றிலை. சோழவந்தான் பக்கம் கொடிக்கால்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அகத்தி மரங்களை நட்டு, அவற்றின் நிழலில்தான் கொடியை ஏற்றுகிறார்கள். வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை, காற்றில் ஈரம் உண்டு. சரியாக மறைக்கப்பட்ட ஓர் அடுப்படிப் பெட்டியும் அதே நிலைதான். என் அம்மாவின் பெட்டியில் துளசி இருந்த இடத்தில் இன்று ஏறியிருப்பது வெற்றிலைக் கொடி. சளி பிடித்தால் பேரன்களுக்குக் கிள்ளிக் கொடுக்கிறார்.

கதவு இறுகுகிறது, பெட்டி முன்னால் சாய்ந்தது போல் இருக்கிறது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இன்றே தொட்டிகளை எல்லாம் இறக்கிவிடுங்கள்.

நான்கடிக்கு மூன்றடி முன்பக்கமும் இரு பக்கங்களும் ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி என்றால், கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 23 கிலோ. நனைந்த மண்ணோடு எட்டங்குலத் தொட்டி ஒன்று ஐந்து, ஆறு கிலோ இருக்கும். எட்டுத் தொட்டி வைத்தால் கண்ணாடியைப் போல் இரண்டு மடங்கு பாரத்தைக் கூடுதலாக ஏற்றிவிட்டீர்கள். பெட்டியின் முன்பக்கத்தைக் குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு வழியிலும் அளங்கள். இரண்டு அளவுக்கும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணிவிட்டது. தட்டில் ஒரு பென்சிலை வைத்தால் வெளிப்பக்கம் உருள்கிறதா? சுவரின் மேல்மூட்டில் விரிசல் தெரிகிறதா? அடியில் இரும்பு ஆங்கிள் தாங்கிகள் இருக்கின்றனவா? பல பெட்டிகள் சட்டத்தின் திருகுகளை மட்டும் நம்பித் தொங்குகின்றன. தாங்கிகள் இரண்டடிக்கு ஒன்று வேண்டும். அவை பூச்சைத் தாண்டிச் செங்கலில் பிடித்திருக்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் உள்பக்கம் தகடு வைத்துச் சுவர் முழுதும் ஊடுருவும் போல்ட் போட வேண்டும்.

கண்ணாடி மாற்றும்போது முன்னும் பக்கமும் டஃபன்ட் எனப்படும் பதப்படுத்திய கண்ணாடி கேளுங்கள். உடைந்தாலும் சிறு மணிகளாக உதிரும். அளவை இரண்டு முறை சரிபார்த்துக் கொடுங்கள், பதப்படுத்திய பிறகு அதை வெட்ட முடியாது. கூரையில் கண்ணாடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் லேமினேட்டட் கண்ணாடி போடுங்கள். உடைந்தாலும் நடுத்தாளில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சமைப்பவர் தலையில் விழாது.

பெட்டி வைத்தும் இருட்டு, தெரிவது பக்கத்து வீட்டுச் சுவர்தான்

அந்தச் சுவரே உங்கள் வானம். பக்கத்து வீட்டாரிடம் பேசி, உங்கள் செலவில் அதற்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பாசி பிடித்த சாம்பல் சுவரும் வெள்ளைச் சுவரும் தரும் வெளிச்சம் இரவும் பகலும் போல. பெட்டி திறக்கும் இடத்தில் உங்கள் சுவரின் தடிமனையும் வெள்ளையாக வைத்துக்கொண்டால், கண் கூசுவதும் குறையும்.

மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பக்கச் சுவரே பொதுச்சுவராக இருப்பதுண்டு. அங்கே வெளியே நீட்ட வழியும் இல்லை, உரிமையும் இல்லை. பெட்டியை முற்றத்தை நோக்கி வையுங்கள். எங்கே நீட்டுவதானாலும் உங்கள் எல்லைக்குள் நிற்க வேண்டும், கட்டட அனுமதி பார்க்கும் பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

காட்சி இருந்தும் தெரியாத வீடுகளும் உண்டு. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீட்டில் யானைமலை முழுதாகத் தெரிய வேண்டிய இடம். செடித்தட்டு சமைப்பவரின் கண்மட்டத்தில் குறுக்கே ஓடியது. சமைக்கிறவர் மேடை முன் நிற்கட்டும், தரையிலிருந்து அவர் கண் வரை அளங்கள். அந்த அளவுக்கு மேலும் கீழும் அரையடி எதுவும் வரக்கூடாது. வீட்டில் மிக உயரமானவரை வைத்து அளக்காதீர்கள். அவர் பெரும்பாலும் சமைப்பதில்லை.

அடுப்பு அணைந்து போகிறது

ஆடிக் காற்றில் இது வரும். அடுப்புக்கு நேர் பின்னால் திறக்கும் கண்ணாடி இருக்கக்கூடாது. அதைத் திருகி நிலையாக மூடிவிட்டு, அடுப்புக்கு எதிர்ப்பக்கக் கண்ணாடியைத் திறக்கும்படி மாற்றுங்கள். சட்டி பானை தொங்கவிடுவதும், துணி காயப்போடுவதும் அடுப்புக்கு மேலே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய ஜன்னல் வந்துவிட்டது என்று கீழே இருந்த பழைய காற்றுத் துளையை அடைத்துவிடுகிறார்கள். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். மேடைக்கு மேலே இருக்கும் ஜன்னல் அதை வெளியேற்றாது. தரைமட்டத் துளையை அடைத்திருந்தால் இன்றே திறந்துவிடுங்கள்.

கொசு, குரங்கு

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகிவிடும். வாரம் ஒரு நாள் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், அல்லது தட்டில் ஆற்று மணலை நிரப்பி வையுங்கள். திறக்கும் பக்கங்களுக்கு மட்டும் வலை போட்டால் போதும். முன்கண்ணாடிக்கும் சேர்த்துப் போட்டால் பாதி வெளிச்சம் போய்விடும்.

திருப்பரங்குன்றம், அழகர்கோவில் பக்கங்களில் குரங்கு பெரிய தொல்லை. கம்பி கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போகும். ஆனால் கம்பியைவிட முக்கியம், பெட்டிக்குள் என்ன தெரிகிறது என்பது. அழகர்கோவில் சாலையில் ஒரு வீட்டில் இரண்டு முறை கம்பி மாற்றினோம். மூன்றாம் முறை போனபோதுதான் தட்டின் நடுவே இருந்த வாழைப்பழக் கூடையை நான் கவனித்தேன். அதை அலமாரிக்குள் வைக்கச் சொன்னேன். அந்த வாரத்தோடு குரங்கு வருவது நின்றது.